டேபிள்டாப் ஆர்பிஜி டிசைனர் ஆவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்பிஜி டிசைனர் சரியாக என்ன வேலை செய்கிறார்?

ஆர்பிஜி என்றால் ரோல்-பிளேயிங் கேம், ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டு. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். உலகத்தையும் எதிரிகளையும் அவர் விவரிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, "நான் மதிலேறிக் குதிக்கிறேன்" என்று சொல்கிறார்கள். குதித்தவர் கால் ஊன்றினாரா, கணுக்கால் பிசகியதா என்பதைப் பகடையும் விதியும் முடிவு செய்கின்றன. அந்த விதியை எழுதுபவர்தான் டிசைனர்.

சதுரங்கத்தில் குதிரை எங்கே போகலாம் என்று எழுதி முடித்துவிடலாம். இங்கே ஆடுபவர் எதையும் செய்ய நினைக்கலாம். அவர் நினைக்கப்போவது எழுதியவருக்குத் தெரியாது, ஆடும்போது எழுதியவர் பக்கத்திலும் இருக்கமாட்டார். அதனால் இது கற்பனை வேலை என்பதைவிட, முகம் தெரியாத ஒருவருக்குப் புரியும்படி வழிமுறை எழுதும் வேலை என்பதே சரி. கற்பனை வளம் உள்ளவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். வழிமுறையைத் துல்லியமாக எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் அடுத்த வேலை கிடைக்கிறது.

தொழிலுக்குள் பிரிவுகள் உண்டு. அடிப்படை விதிகளை அமைப்பவர் ஒருவர். சாகசம், அதாவது அந்த விதிகளைக் கொண்டு ஆடும் ஒரு கதை, எழுதுபவர் வேறொருவர். உலகத்தை, அதன் ஊர்களையும் கடவுள்களையும் எழுதுபவர் இன்னொருவர். பலர் எழுதியதை வாங்கி எண்களைச் சமன்செய்து ஒரே குரலுக்குக் கொண்டுவருபவரை டெவலப்பர் என்பார்கள். சிறிய பதிப்பகங்களில் எல்லாமே ஒரே ஆள்.

இது எப்போது ஒரு தொழிலானது?

1974-இல். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற முதல் ஆர்பிஜி அந்த ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனிவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. முதல் பதிப்பு 1,000 பிரதிகள். வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்தது. 1979-இல் ராயல்டி கேட்டு ஆர்னெசன் வழக்குப் போட்டார், 1981-இல் சமரசமானது. ஒப்பந்தத்தைப் பற்றிய கவலை இந்தத் தொழிலுக்கு அது பிறந்த காலத்திலிருந்தே உண்டு. டிஎஸ்ஆரை 1997-இல் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியது, அந்த நிறுவனத்தை 1999-இல் ஹாஸ்ப்ரோ வாங்கியது.

முதல் விளையாட்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

ஒரு பக்கம். 500 முதல் 800 சொற்கள். ஜான் ஹார்ப்பரின் 'லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ்' ஒரே பக்கம்தான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரே ஓர் எண். அறிவைக் கொண்டு செய்யும் காரியத்துக்கு அந்த எண்ணுக்குக் கீழேயும், மனத்தைக் கொண்டு செய்யும் காரியத்துக்கு மேலேயும் பகடை விழ வேண்டும். அந்த அமைப்பை வைத்துப் பிறர் எழுதிய விளையாட்டுகள் ஏராளம்.

அடுத்த படி, ஏஃபைவ் (ஏஃபோர் தாளில் பாதி) அளவில் 24 முதல் 32 பக்கம் கொண்ட ஒரு சிறு நூல், ஏறத்தாழ 8,000 முதல் 10,000 சொற்கள். மூன்றாவதாக, ஏற்கெனவே பலர் ஆடும் ஒரு விளையாட்டுக்கு ஒரே அமர்வில் முடியும் சாகசம். முழு விதிநூல் என்றால் 50,000 சொற்களிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேலும் போகும். அதை முதல் வேலையாக எடுத்தவர்கள் பெரும்பாலும் நான்காவது அத்தியாயத்தில் நிற்கிறார்கள். மந்திரப் பட்டியலை மாற்றினால் போர் விதி மாறுகிறது, போர் விதி மாறினால் அரக்கர் பட்டியல் முழுவதும் மாறுகிறது. ஒரு பக்க விளையாட்டில் அதே தவறு ஒரு மாலையில் திருத்தப்பட்டுவிடும்.

கணக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

பள்ளி நிகழ்தகவு போதும், ஆனால் அது கைப்பழக்கமாக இருக்க வேண்டும். தாயம் ஆடியவர்களுக்கு இது ஏற்கெனவே உடம்பில் ஊறியதுதான். இரண்டு தாயக்கட்டை, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என்று நான்கு முகம். மொத்தச் சேர்க்கை 16. தாயம் விழ இரண்டே வழி, அதாவது 12.5 சதவீதம். மூன்று விழ நான்கு வழி, 25 சதவீதம். சராசரியாக எட்டு வீச்சுக்கு ஒரு தாயம். ஆனால் எட்டு முறை வீசியும் ஒரு தாயம்கூட விழாமல் போக 34 சதவீத வாய்ப்பு உண்டு. மூன்று பேரில் ஒருவர் காயை இறக்காமலே உட்கார்ந்திருப்பார். அந்த எரிச்சல் எல்லோருக்கும் தெரியும். உங்கள் விளையாட்டில் யாராவது அப்படிக் காத்திருக்க நேருமா என்பதுதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய முதல் விஷயம்.

வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் 2010-இல் வெளியிட்ட 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' இரண்டு சாதாரண ஆறுமுகப் பகடையில் நடக்கிறது. விழுந்த கூட்டுத்தொகையோடு பாத்திரத்தின் திறன் எண்ணைச் சேர்க்க வேண்டும். 10 அல்லது மேல் முழு வெற்றி, 7 முதல் 9 விலையோடு வெற்றி, 6 அல்லது கீழே போனால் சிக்கல். திறன் எண் பூஜ்யமானால் முழு வெற்றி 16.7 சதவீதம், விலையோடு வெற்றி 41.7, சிக்கல் 41.7. +1 ஆனால் 27.8, 44.4, 27.8. +2 ஆனால் 41.7, 41.7, 16.7. ஒரே ஒரு புள்ளி கூடினால் சிக்கல் எவ்வளவு சரிகிறது பாருங்கள். +3-க்கு அது 8.3 சதவீதம். +4 கொடுத்தால் 2.8, அதற்குப் பிறகு உருட்டுவதே சடங்கு. இந்த முறையை எடுத்து வளர்ச்சிப் புள்ளிகளைத் தாராளமாக வாரிக் கொடுக்கும் புதியவர்களின் விளையாட்டு ஆறாவது அமர்வில் சப்பென்று ஆவதற்கு இதுவே காரணம்.

20 முகப் பகடை வேறு மாதிரி. அதில் ஒவ்வொரு புள்ளியும் எப்போதும் 5 சதவீதம். +5 உள்ளவர் 15 எட்ட வேண்டுமானால் 55 சதவீதம். இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொள் என்றால் அது 79.75 ஆகிறது. ஒரு சிறிய சலுகை என்று நினைத்து இதை எழுதுபவர்கள், இந்த இடத்தில் அது ஏறத்தாழ +5-க்குச் சமம் என்பதைக் கவனிப்பதில்லை.

நேரத்தையும் கணக்கிடுங்கள். ஒரு பூதத்துக்கு 40 உயிர்ப்புள்ளி, நான்கு வீரர்கள், அடி படும் வாய்ப்பு 50 சதவீதம், பட்டால் சராசரி 7. ஒரு சுற்றில் 14 புள்ளி குறையும், மூன்று சுற்றில் பூதம் சாயும். ஒருவர் முறைக்கு இரண்டு நிமிடம் என்றால் பூதத்தோடு சேர்த்து ஒரு சுற்று 10 நிமிடம், போர் அரை மணி. வாய்ப்பை 30 சதவீதமாக்கினால் சுற்றுக்கு 8.4 புள்ளி, ஐந்து சுற்று, 50 நிமிடம். அதிலும் ஒவ்வொருவருடைய ஐந்து முறைகளில் மூன்றுக்கு மேல் "படவில்லை" என்றே முடியும். 'கடினமான எதிரி' என்று நினைத்து எழுதியது மேசையில் சலிப்பான எதிரியாகிவிடும். அடி படும் வாய்ப்பை 60 முதல் 65 சதவீதத்தில் வைத்து, எதிரியின் அடியைப் பலமாக்குவது பெரும்பாலும் நல்ல வழி. சிக்கலான பகடைக் கணக்குக்கு எனிடைஸ் என்ற இலவச இணையக் கருவி இருக்கிறது. நாலு வரியில் முழு அட்டவணையும் வந்துவிடும்.

விதியை எழுதும்போது எங்கே தவறு நேர்கிறது?

"பாத்திரம் ஆபத்தான காரியத்தில் ஈடுபட்டால் கேம் மாஸ்டர் சோதனை கேட்கலாம்." இப்படி ஒரு வரி எழுதினால் மேசையில் என்ன நடக்கும்? எது ஆபத்து, கேட்பதா வேண்டாமா, எதை உருட்டுவது, தோற்றால் என்ன என்ற நான்கு கேள்வி எழும். ஒரு விதியில் எப்போது, யார், எதை உருட்டுவது, ஒவ்வொரு முடிவுக்கும் என்ன ஆகும் என்ற நான்கும் இருக்க வேண்டும்.

அடிக்கடி விடுபடுவது கடைசி. "பூட்டுத் திறக்கவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் ஆடுபவர் "மறுபடி முயல்கிறேன்" என்பார், அதற்கு மறுப்பு விதியில் இல்லை. ஆறு முறை உருட்டுவார், ஏழாவதில் திறக்கும். தோல்விக்கு ஒரு விலை வையுங்கள்: பத்து நிமிடம் போகிறது, காவலர் ரோந்து வருகிறார். அல்லது பூட்டு திறக்கிறது, சத்தம் கேட்டுவிடுகிறது.

சாகசம் எழுதுபவர்கள் செய்யும் தவறு ஒரே தடயத்தை நம்புவது. கொலைகாரன் யார் என்பது கிணற்றடியில் கிடக்கும் மோதிரத்தில்தான் தெரியும் என்றால், யாரும் கிணற்றடிக்குப் போகாத மேசையில் கதை அங்கேயே நிற்கும். கதை நகர வேண்டிய ஒவ்வொரு உண்மைக்கும் மூன்று தனித்தனி தடயம் வையுங்கள், வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு ஆளிடம். இரண்டைத் தவறவிட்டாலும் ஒன்று மாட்டும்.

ஓர் அறையை விவரிக்கும்போது, நுழைந்தவுடன் கண்ணில் படுவது முதலில் வர வேண்டும். கேம் மாஸ்டர் உரக்க வாசிக்கும் பகுதி மூன்று வரிக்கு மேல் போகக்கூடாது. நான்காவது வரியில் யாராவது போனை எடுப்பார்கள். உள்ளே உறங்கும் சிறுத்தை எட்டாவது வரியில் வருவதும், அதற்குள் ஆடுபவர்கள் அறை நடுவே போய் நிற்பதும் அச்சான நூல்களிலேயே உண்டு. அறையின் வரலாறு கடைசியில் போதும். ஆடுபவர் தெரிந்துகொள்ள வழியே இல்லாத வரலாறு என்றால் வெட்டிவிடுங்கள். எழுதியவருக்கு வலிக்கும்தான், ஆனால் அந்த இடம் மேசைக்குச் சொந்தம்.

வேறொருவரின் விதிமுறையைப் பயன்படுத்தலாமா?

அமெரிக்கச் சட்டத்தில் ஆடும் முறைக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) கிடையாது. அதை விளக்கும் சொற்களுக்கும் படங்களுக்கும் உண்டு. பெயர்களுக்கும் சின்னங்களுக்கும் வணிகமுத்திரை உண்டு. 'இரண்டு பகடை உருட்டிக் கூட்டு' என்பது யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அதைச் சொல்லும் பத்தியை அப்படியே எடுத்துப் போடக்கூடாது.

பயன்படுத்திக்கொள் என்று வெளிப்படையாக உரிமம் கொடுத்திருப்பவற்றை எடுப்பது நிம்மதி. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் எஸ்ஆர்டி 5.1 என்ற ஆவணமாக இருக்கின்றன. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளைப் பிறர் பயன்படுத்த 2000-ஆம் ஆண்டு முதல் இருந்த திறந்த விளையாட்டு உரிமத்தை விஸார்ட்ஸ் மாற்றப் போவதாக 2023 ஜனவரியில் வரைவு கசிந்து பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த மாதம் 27-ஆம் தேதி எஸ்ஆர்டி 5.1, மூலத்தின் பெயரைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பு உரிமம் 4.0-இன் கீழ் விடப்பட்டது. இதை இனித் திரும்பப் பெற முடியாது. 2024 பதிப்புக்கான எஸ்ஆர்டி 5.2 அடுத்த ஆண்டு அதே உரிமத்தில் வந்தது. நீங்கள் செய்ய வேண்டியது ஆவணம் தந்திருக்கும் பெயர்குறிப்பு வாசகத்தை நூலில் அச்சிடுவது. ஆவணத்தில் இல்லாத உலகங்களையும் பாத்திரங்களையும் தொடக்கூடாது. 'ஃபேட்', 'பிளேட்ஸ் இன் த டார்க்' ஆகிய விளையாட்டுகளின் அடிப்படை விதிகளும் கிரியேட்டிவ் காமன்ஸில் கிடைக்கின்றன. ஆர்பிஜி பதிப்பகமான பைஸோ 2023-இல் ஆர்க் என்ற தனி உரிமத்தைக் கொண்டுவந்தது.

புதியவருக்கு இருக்கும் விதிமுறையில் எழுதுவதே நல்லது. ஆடுபவர்கள் ஏற்கெனவே விதியை அறிந்திருப்பதால், சோதனை ஆட்டத்தில் தெரியும் குறை உங்கள் எழுத்தின் குறை என்று தெளிவாகத் தெரியும்.

சோதனை ஆட்டம் எப்படி நடத்துவது?

நான்கு கட்டம். முதலில் தனியாக: மேசையில் உட்கார்ந்து ஒரே போரைப் பத்து முறை உருட்டிப் பாருங்கள், எத்தனை சுற்று ஆனது என்று எழுதுங்கள். இரண்டாவது, உங்கள் நண்பர்களோடு நீங்களே கேம் மாஸ்டராக. மூன்றாவது, வேறொருவர் நடத்த நீங்கள் ஓரத்தில் வாய் திறக்காமல் உட்காருவது. நான்காவது, பிடிஎஃப் மட்டும் அனுப்பி, நீங்கள் இல்லாத ஊரில் உங்களைத் தெரியாதவர்கள் ஆடுவது.

இரண்டாம் கட்டத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். அதில் எல்லாமே நன்றாகப் போகும், ஏனென்றால் பக்கத்தில் எழுத மறந்ததை உங்கள் வாய் சொல்லிவிடுகிறது. மூன்றாம் கட்டத்தில் யாராவது உங்களைப் பார்த்து "இதுக்கு என்ன உருட்டணும்?" என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். அவர் எந்தப் பக்கத்தைத் திறந்து தேடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த விதி இருக்க வேண்டிய இடம் அதுதான். ஒவ்வொரு காட்சி தொடங்கும் நேரம், மறந்துபோன விதி, கவனம் சிதறிய இடம் எல்லாம் குறிப்பில் இருக்கட்டும்.

முடிந்ததும் "பிடித்திருந்ததா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். "விதி தெரியாதபோது என்ன செய்தீர்கள்?", "உங்கள் பாத்திரத் தாளில் எதை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை?", "உங்கள் முறை வருவதற்குள் அலுத்தது எப்போது?" என்று கேளுங்கள். பதிலில் வரும் தீர்வை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். "எனக்கு இன்னும் 20 உயிர்ப்புள்ளி வேண்டும்" என்கிறார் ஒருவர். குறிப்பைப் பார்த்தால், எதிரி பெரிய அடிக்குத் தயாராவதை விதி முன்கூட்டியே காட்டவில்லை என்பது தெரியும். ஒரு சுற்று முன்னால் "பூதம் தூணைப் பெயர்க்கிறது" என்று காட்டச் சொன்னால் புள்ளியைக் கூட்டவே தேவையில்லை.

ஒரு சோதனைக்கு ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒவ்வொரு கோப்பின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் போடுங்கள்; இல்லையென்றால் மூன்று வாரம் கழித்து வரும் கருத்து எந்தப் பதிப்புக்கானது என்று புரியாது. நான்காம் கட்டத்துக்கு மூன்று குழுவாவது வேண்டும். பாதிக் குழுக்கள் சொல்லிவிட்டு ஆடாமல் இருந்துவிடுவது சாதாரணம், அதனால் ஆறு குழுவிடம் கேளுங்கள். ஆடியவர்கள் பெயர் நூலில் வர வேண்டும், இது இந்தத் துறையில் மாறாத மரபு.

அச்சுக்குத் தயாராக்குவதில் எதைக் கவனிக்க வேண்டும்?

நடுவில் தைத்து மடிக்கும் சிறு நூலில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். 30 பக்கம் எழுதிவிட்டு வந்தால் இரண்டு பக்கம் காலியாக நிற்கும். ஓரம்வரை போகும் படங்களுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். படம் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி). எழுத்து கறுப்பு மை மட்டும். நான்கு மையும் கலந்த கறுப்பில் எழுத்து அச்சானால் தட்டு ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிழல் தட்டும். டிரைவ்த்ரூஆர்பிஜி என்ற இணையக் கடை வழியாக, ஆர்டர் வந்தபின் அச்சிடும் முறையில் விற்பவர்கள், ஓர் இடத்தில் விழும் நான்கு மைகளின் சதவீதங்களையும் கூட்டினால் 240-ஐத் தாண்டாமல் பார்க்க வேண்டும். அடர்த்தியான இருட்டு ஓவியங்கள் திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான். ஒரு மாதிரிப் பிரதி வரவழைத்துக் கையில் பிடித்துப் பார்க்காமல் விற்பனையைத் திறக்காதீர்கள்.

எங்கே விற்பது, எவ்வளவு கையில் வரும்?

டிரைவ்த்ரூஆர்பிஜியில் அங்கே மட்டும் விற்றால் 70 சதவீதம், மற்ற இடங்களிலும் விற்றால் 65. இட்ச்.ஐஓ என்ற இன்னொரு விற்பனைத் தளத்தில் தளத்தின் பங்கை நீங்களே தீர்மானிக்கலாம், வழக்கமாக 10 சதவீதம். பணப் பரிமாற்றச் செலவு தனி. 2016-இல் தொடங்கிய டிஎம்ஸ் கில்ட் என்ற தளத்தில் உங்களுக்கு 50 சதவீதம்தான், ஆனால் அங்கே டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தையே பயன்படுத்தி எழுதலாம். பதிலுக்கு, அங்கே போட்டதை வேறெங்கும் வெளியிட முடியாது. சொந்த உலகம் ஒன்றை உருவாக்கி வைத்திருப்பவர் அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய இழப்பு. அந்தத் தளத்துக்குப் பொருத்தமானது தனியாக நிற்கும் ஒரு சாகசம்.

பதிப்பகங்களுக்கு எழுதினால் கூலி எப்படி?

சொல்லுக்கு இவ்வளவு சென்ட் என்று. ஆங்கிலச் சந்தையில் 5 முதல் 10 சென்ட் வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. 3 சென்டுக்குக் கீழே வந்தால் ஒதுங்குவது நல்லது. கணக்கைப் பாருங்கள்: 6,000 சொல் சாகசம், சொல்லுக்கு 6 சென்ட், 360 டாலர். மணிக்கு 500 சொல் வீதம் முதல் வரைவு 12 மணி, சோதனையும் திருத்தமும் இன்னொரு 12 மணி. மணிக்கு 15 டாலர். 3 சென்டில் அது ஏழரை.

"என்னிடம் ஒரு அருமையான ஐடியா இருக்கிறது" என்ற மின்னஞ்சலைப் பெரும்பாலான பதிப்பகங்கள் திறக்கவே மாட்டா. பின்னால் அதே மாதிரி ஒன்றை அவர்கள் வெளியிட்டால் வழக்கு வருமோ என்ற பயம். முடித்து வெளியிட்ட இரண்டு சிறு படைப்புகளின் சுட்டியோடு, "உங்கள் இந்த வரிசைக்குச் சாகசம் எழுத விரும்புகிறேன், மாதம் இத்தனை சொல் தர முடியும்" என்று ஐந்து வரியில் எழுதுங்கள். எழுத்தாளர்களைத் தேடி விடும் அழைப்புகளைக் கவனித்துக்கொண்டிருங்கள். வேலை கிடைத்தால் 3,000 கேட்ட இடத்தில் 2,900 முதல் 3,100-க்குள் கொடுங்கள். 4,000 கொடுத்தால் ஆயிரத்தை வெட்டும் வேலை எடிட்டர் தலையில் விழுகிறது, அடுத்த முறை அழைப்பு வராது.

ஒப்பந்தத்தில் எதைப் படிக்க வேண்டும்?

எல்லாவற்றையும். முதலில் உரிமை: பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியது முழுக்கப் பதிப்பகத்துக்குச் சொந்தம், நீங்கள் கூலி மட்டும் வாங்குகிறீர்கள். அது தவறில்லை, தெரிந்து கையெழுத்திட வேண்டும். இரண்டாவது, பணம் எப்போது. 'பிரசுரமானபின்' என்று இருந்தால் நூல் இரண்டு ஆண்டு தள்ளிப்போனால் பணமும் தள்ளிப்போகும். 'ஏற்றுக்கொண்ட 30 நாளில்' என்று மாற்றச் சொல்லுங்கள். திட்டம் கைவிடப்பட்டால் எவ்வளவு தருவார்கள், இலவசத் திருத்தம் எத்தனை முறை, நூலில் உங்கள் பெயர் எந்தப் பொறுப்பில் வரும் என்பவை அடுத்து. போட்டி நிறுவனங்களுக்கு எழுதக்கூடாது என்ற விதி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். சொல்லுக்கு 6 சென்ட் கொடுப்பவர் உங்கள் மற்ற வருமானத்தைப் பூட்டக் கூடாது. கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. நியாயமான எடிட்டர்கள் இந்தக் கேள்விகளை எதிர்பார்த்தே இருப்பார்கள்.

கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டினால் லாபமா?

கிக்ஸ்டார்ட்டர், நூல் வெளிவருமுன்பே வாங்க விரும்புகிறவர்களிடம் பணம் திரட்டும் இணையத்தளம். மான்டி குக் 2012-இல் 'நியூமெனெரா' என்ற விளையாட்டுக்கு அங்கே 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். அதற்கு முன்பே அவர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பின் டிசைனர்களில் ஒருவர். சாதாரண அளவைப் பார்ப்போம். 32 பக்கச் சிறு நூல், 300 பேர், ஆளுக்கு 15 டாலர், மொத்தம் 4,500. தளத்தின் பங்கு 5 சதவீதம், 225. பணம் வாங்கும் செலவு 3 சதவீதமும் ஆளுக்கு 20 சென்டும், 195. மிச்சம் 4,080. செலவுகளை உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: 400 பிரதி அச்சு 1,200, அட்டையும் ஆறு உள்படமும் 850, 10,000 சொல்லுக்கு எடிட்டிங் 300, பக்க வடிவமைப்பு 480, உறையும் அட்டைப்பெட்டியும் 180. மொத்தம் 3,010. உங்களுக்கு 1,070 டாலர். சிலர் கார்டு செல்லாமல் போகும், அதற்கும் ஒதுக்க வேண்டும்.

தபால் செலவை இதில் சேர்க்கவில்லை, சேர்க்கவும் கூடாது. பிரசாரத்தின்போதே தபால் செலவை வாங்கிவிட்டு, அனுப்பும்போது கட்டணம் ஏறி நஷ்டப்பட்டவர்கள் நிறைய. அனுப்புவதற்குச் சற்று முன்னால் தனியாக வசூலிப்பதே பாதுகாப்பு. "இன்னும் ஆயிரம் வந்தால் துணிப்பை, உலோகப் பகடை" என்று சேர்த்துக்கொண்டே போவதும் ஆபத்து. ஒவ்வொரு புதுப் பொருளும் எடையைக் கூட்டும், வேறொரு தொழிற்சாலையின் தாமதத்தையும் கூட்டும். சேர்ப்பதென்றால் எழுத்தைச் சேருங்கள், அதுவும் ஏற்கெனவே எழுதி முடித்ததை. பிரசாரம் தொடங்கும் நாளில் விதி முழுவதும் எழுதிச் சோதித்து முடிந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் வசிப்பவர் கிக்ஸ்டார்ட்டரில் நேரடியாகத் திட்டம் தொடங்க முடியாது. சிங்கப்பூரில் வசிப்பவர் தொடங்கலாம்.

முழுநேர வேலை கிடைக்குமா?

கிடைக்கும், மிகக் குறைவு. பெரிய நிறுவனங்களில் விஸார்ட்ஸும் பைஸோவும் அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தவை. பெரிய நிறுவனம் என்பதால் நிலையான வேலை என்று நினைக்கக்கூடாது: ஹாஸ்ப்ரோ 2023 டிசம்பரில் ஏறத்தாழ 1,100 பேரை நீக்குவதாக அறிவித்தபோது விஸார்ட்ஸ் ஊழியர்களும் அதில் இருந்தார்கள். பைஸோ ஊழியர்கள் 2021-இல் சங்கம் அமைத்தார்கள், நிறுவனம் அதை ஏற்றது. இந்தத் துறைக்கு அது மிக நல்ல செய்தி.

பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறார்கள். கணினி விளையாட்டுக்குப் போனவர்களும் உண்டு. 'கால் ஆஃப் கதுல்லு'வை 1981-இல் உருவாக்கிய சாண்டி பீட்டர்சன் பிறகு 'டூம்' விளையாட்டில் வேலை செய்தார். டிஎஸ்ஆரில் இருந்த வாரன் ஸ்பெக்டர் 'டியூஸ் எக்ஸ்' படைத்தார். மைக் பாண்ட்ஸ்மித் 1988-இல் வெளியிட்ட 'சைபர்பங்க்' 2020-இல் கணினி விளையாட்டானது.

இந்தியாவிலிருந்து எழுதினால் பணமும் வரியும்?

அமெரிக்கத் தளங்கள் டபிள்யூ-8பென் என்ற படிவத்தை நிரப்பச் சொல்லும். நிரப்பாவிட்டால் அமெரிக்க ராயல்டியில் 30 சதவீதம் பிடிக்கப்படலாம். பான் எண்ணைக் குறிப்பிட்டு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் கோரினால் பதிப்புரிமை ராயல்டிக்கு 15. இந்தியாவில் உட்கார்ந்து செய்து கொடுத்த வேலைக்கான கூலி ராயல்டி அல்ல, அதனால் விலைச்சீட்டில் 'எழுத்துச் சேவை' என்று தெளிவாக எழுதுங்கள். பிடித்த வரியை இந்திய வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள வழி உண்டு. பிடித்ததற்கான ஆவணத்தைப் பத்திரப்படுத்தி, ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தமிழில் ஆர்பிஜி எழுத முடியுமா?

தாராளமாக. நம் வாக்கிய அமைப்பே விதி எழுத ஏற்றது. "10 அல்லது மேல் விழுந்தால் கதவு திறக்கும்" என்று நிபந்தனை முன்னாலும் விளைவு பின்னாலும் தானாகவே வந்து நிற்கிறது. கவனிக்க வேண்டியது எச்சங்களை அடுக்குவது. "ஓடிவந்து, எதிரியைத் தாண்டி, கதவை அடைய முயன்று, 10-க்கு மேல் உருட்டினால்" என்று போனால் எண் வரியின் அடியில் புதைந்துவிடும். எண்ணை வரியின் தலையில் வையுங்கள். ஆடுபவரை 'நீங்கள்' என்றும் பாத்திரத்தை 'அவர்' என்றும் முதல் பக்கத்தில் முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள். கலைச்சொல்லும் அப்படியே: 'உயிர்ப்புள்ளி' என்று தொடங்கினால் நடுவில் 'ஹெச்பி' வரக்கூடாது.

தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் ஏஃபைவ் பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்து எழுத்தை வைத்தால் ஒவ்வொரு வரியிலும் ஓட்டை விழும்; பிரிக்காத முழு அகலம், 10 அல்லது 11 புள்ளி எழுத்து போதும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் விழும். இலவசமான ஸ்கிரைபஸ் 1.5.3 பதிப்பிலிருந்து தமிழைச் சரியாகக் கோக்கிறது. பிடிஎஃப் ஆக்கியபின் ஒரு விதியின் பெயரைத் தேடிப் பாருங்கள். திரையில் அழகாகத் தெரியும் தமிழ் தேடலில் அகப்படாமல் போவது சாதாரணம், ஆட்டத்தின் நடுவில் கேம் மாஸ்டர் தேடப்போவதோ அதைத்தான். அகப்படவில்லை என்றால் வேறு யூனிகோட் எழுத்துருவில் மறுபடி ஏற்றிப் பாருங்கள். அப்போதும் சரிவராவிட்டால் கடைசி இரண்டு பக்கத்தில் எல்லா விதிப் பெயர்களையும் அகர வரிசையில், பக்க எண்ணோடு அச்சிட்டுவிடுங்கள்.